சொந்தக் காருக்கு 15 ஆண்டு விலக்கு ஏன்?

ஆசிரியருக்கு,

நம் நாட்டில் சொந்தக் காருக்கு 15 ஆண்டுகள் வரை எஃப்.சி. எனும் தகுதிச் சோதனை கிடையாது, அதன்பின் 5 ஆண்டுக்கு ஒருமுறைதான். ஜப்பானில் முதலில் 3 ஆண்டில், பிறகு 2 ஆண்டுக்கு ஒருமுறை. இங்கிலாந்தில் 3 ஆண்டு முடிந்ததும் ஆண்டுதோறும். அங்கே டயரின் நடு முக்கால் அகலத்தில், சுற்றளவு முழுக்க 1.6 மி.மீ. ஆழம் இல்லாவிட்டால் கார் தேறாது.

இது வெறும் கெடுபிடி அல்ல. அலைன்மென்ட் (சக்கரங்களின் நேர்சீர்) தப்பிய காரில் டயரின் உள்விளிம்பு தேய்ந்துகொண்டே போகும். நின்று பார்த்தால் டயரின் பட்டன் (தரையில் படும் மேடுபள்ள வரிகள்) புதிதுபோல் இருக்கும். லிஃப்டில் ஏற்றினால்தான் தேய்ந்த டயரின் உள்கம்பி தெரியும். பிரேக் ஹோஸ் (பிரேக் எண்ணெய் செல்லும் குழாய்) வெடிப்பும் அப்படித்தான்.

டாக்சிக்கு உள்ள சோதனை, அதே மாடல் சொந்தக் காருக்கு ஏன் இல்லை? 5-ஆம் ஆண்டிலேயே பிரேக், டயர், ஸ்டீயரிங் மூன்றையாவது கட்டாயம் சோதிக்க மத்திய அரசு விதியைத் திருத்த வேண்டும்.

- வாசகர், மதுரை