மஸ்ட் என்றால் கட்டாயம் மட்டும்தானா?

ஆசிரியர் அவர்களுக்கு,

உங்கள் மாணவர் பக்கத்தில் அண்மையில் ஆங்கிலத் துணை வினைகள் பற்றிய பாடம் வந்திருந்தது. கேன் என்றால் முடியும், மே என்றால் அனுமதி, மஸ்ட் என்றால் கட்டாயம், மைட் என்பது மேயின் இறந்தகாலம் என்று ஒரு பட்டியல். அது பிழை என்று சொல்ல வரவில்லை. ஆனால் ஒரு விஷயம் எவ்வளவு நிச்சயம் என்று காட்டுவதற்கும் இதே சொற்கள்தான் பயன்படுகின்றன. அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. நான் பார்க்கிற ரியூசன் குறிப்புகளிலும் இதே கதைதான்.

வெள்ளவத்தையில் சாதாரண தரப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். 'இட் மைட் ரெய்ன் டுமாரோ' (நாளைக்கு மழை பெய்யக்கூடும்) என்று பலகையில் எழுதினால், மைட் இறந்தகாலம், டுமாரோ நாளைக்கு, அதனால் வசனம் பிழை என்று கை தூக்குகிறார்கள். பட்டியலை மனப்பாடம் செய்த பிள்ளை வேறு என்ன சொல்லும்?

இத்தனைக்கும் இது தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கஷ்டமான பாடமே இல்லை. 'செருப்பு வாசலில் கிடக்குது, அக்கா வீட்டிலதான் இருக்க வேணும்' என்கிறோம். அக்காவுக்கு அங்கே யாரும் கட்டளை போடவில்லை. 'மாமா இப்ப பம்பலப்பிட்டி தாண்டியிருக்கலாம்' என்கிறோம். அதில் அனுமதி ஏது? 'வேண்டும்', '-லாம்' இரண்டும் தமிழிலும் இரட்டை வேலை பார்க்கின்றன. இந்த இரண்டு வசனங்களைச் சொல்லிவிட்டு மஸ்ட்டுக்கும் மேக்கும் போனால், பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்கிறார்கள். ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்று சில இடங்களில் பிடிவாதமாக நிற்கிறார்கள். இந்தப் பாடத்திலாவது அதைத் தளர்த்தலாம்.

எதிர்மறையில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். 'ஹீ மஸ்ட் பி அட் ஹோம்' (அவர் வீட்டில்தான் இருக்க வேணும்) என்ற ஊகத்தை மறுக்கச் சொன்னால் 'மஸ்ட் நாட்' என்று எழுதிவிடுகிறார்கள். நாங்கள் படிக்கிற பிரித்தானிய வழக்கில் அங்கே வரவேண்டியது 'கான்ட்', அதாவது 'கேன் நாட்'. அமெரிக்கர்கள் சில வேளை மஸ்ட் நாட் என்றும் சொல்வார்கள், பரீட்சைக்குப் போகிற பிள்ளை அதைப் போட்டுக் குழப்பிக்கொள்ளத் தேவையில்லை. இதற்கும் தமிழே கைகொடுக்கும். 'வீட்டில் இருக்கக் கூடாது' என்றால் தடை, 'வீட்டில் இருக்க முடியாது, பூட்டுத் தொங்குது' என்றால் ஊகம்.

இன்னொன்று, மஸ்ட் வந்தால் நூறு வீதம் உறுதி என்று நினைக்கிறார்கள். கண்ணால் கண்டதற்கு 'இஸ்' போதும். காணாமல், அடையாளத்தை வைத்துச் சொல்லும்போதுதான் 'மஸ்ட் பி' வருகிறது. நடந்து முடிந்ததை ஊகிக்க 'மஸ்ட் ஹேவ் கான்' (போயிருக்க வேணும்). 'மஸ்ட் வென்ட்' என்று எழுதாத வகுப்பே இல்லை!

இதைப் பரீட்சைப் புள்ளிக்காக மட்டும் சொல்லவில்லை. இருமல் மருந்துப் போத்தலில் தூக்கம் வரலாம் என்பதற்கு 'மே' போட்டிருப்பார்கள். அதை வாசித்துத்தான் ஒருவர் மோட்டார் சைக்கிளை எடுப்பதா விடுவதா என்று முடிவு செய்கிறார். வேலைக்கு விண்ணப்பித்த பிள்ளைக்கு, நேர்முகத்துக்கு அழைக்க 'மே' என்று கடிதம் வந்தால், அழைப்பது உறுதியில்லை என்று விளங்க வேண்டும்.

ஆசிரியரிடம் ஒரு வேண்டுகோள். வளிமண்டலவியல் திணைக்களத்தின் அறிக்கை தமிழிலும் ஆங்கிலத்திலும் வருகிறது. 'மழை பெய்யும்' என்கிற இடத்தில் ஆங்கிலத்தில் 'வில்', 'பெய்யக்கூடும்' என்கிற இடத்தில் 'மே'. அந்த இரண்டு அறிக்கைகளையும் பக்கத்துப் பக்கத்தில் போட்டு, மாணவர் பக்கத்தில் ஒரு பாடம் வெளியிடுங்கள். மைட், குட் இரண்டையும் அதிலேயே சேர்த்தால் நல்லது. சாதாரண தரப் பரீட்சைக்கு முன்பு வந்தால் என் வகுப்பிலும் அதையே வைத்துப் படிப்பிப்பேன்.

இப்படிக்கு,
ஆங்கில ஆசிரியை ஒருவர்,
கொழும்பு 6.