இளையபெருமாளும் ராஜி மனுவும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எல். இளையபெருமாள் பிறந்த நாளையொட்டித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியில், அவர் 1924-இல் காட்டுமன்னார்கோயிலில் பிறந்ததும், 1952-இல் கடலூர் தொகுதியிலிருந்து முதல் மக்களவைக்குச் சென்றதும், தமிழ்நாடு காங்கிரஸ் தலைவராக இருந்ததும் இடம்பெற்றிருந்தன. சிலைக்கு மாலை போட்டவர்களின் பெயர்ப் பட்டியலுக்குக் கிடைத்த இடத்தில் பாதியாவது அவர் தலைமையில் உருவான அறிக்கைக்குக் கிடைத்திருக்கலாம்.

தீண்டாமையையும் பட்டியல் சாதியினரின் பொருளாதார, கல்வி நிலையையும் ஆராய 1965-இல் மத்திய அரசு அமைத்த குழுவுக்கு அவரே தலைவர். 1969-இல் வந்த அறிக்கை, வாரிசுமுறை அர்ச்சகர் நியமனம் கூடாது என்றது. அதைத் தொடர்ந்து கலைஞர் அரசு 1970-இல் அறநிலையச் சட்டத்தைத் திருத்தியதும், 1972-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டே, அர்ச்சகர் நியமனத்துக்கு ஆகமத்தை, அதாவது கோயில் வழிபாட்டு விதிகளை, நிபந்தனையாக்கியதும் பலரும் பேசுகிற செய்திகள். அதிகம் பேசப்படாத ஒன்றைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றங்கள் சட்டத்தில், நீதிமன்ற அனுமதி பெற்று வழக்கை ராஜியாக, அதாவது இரு தரப்பும் சமரசமாகி, முடித்துக்கொள்ள வழியிருந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் மஞ்சக்குப்பத்தில் வழக்கறிஞர் ஒருவரிடம் நான் குமாஸ்தாவாக இருந்தபோது, தேநீர்க் கடையில் தனக்குத் தனிக் குவளை வைத்ததாகப் புகார் கொடுத்திருந்த கூலித் தொழிலாளி ஒருவர், மூன்றாவது வாய்தாவுக்கு அதே கடைக்காரரோடு ஒரே பேருந்தில் வந்து இறங்கினார். ராஜி மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு, "அறுவடை வருதுங்க" என்று மட்டும் சொன்னார். மை துடைக்க நான் கொடுத்த காகிதத்தைக் கீழே போடாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கடைக்காரரின் அண்ணன் நிலத்தில்தான் அவருக்கு வேலை என்பதைப் பிறகு அறிந்தேன்.

இளையபெருமாள் குழுவின் பரிந்துரைகளை ஒட்டி அந்தச் சட்டம் திருத்தப்பட்டு, 1976 நவம்பர் 19-இல் 'குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம்' என்ற புதுப் பெயருடன் நடைமுறைக்கு வந்தபோது அந்த ராஜி வழி அடைபட்டது. குறைந்தது ஒரு மாதச் சிறையும் நூறு ரூபாய் அபராதமும் கட்டாயமாயின. (அந்த நூறு ரூபாயை இன்னும் உயர்த்தாதது வேறு கதை.) தீண்டாமை இரண்டு பேருக்கு இடையிலான சச்சரவன்று, அரசே நின்று நடத்த வேண்டிய வழக்கு என்பதே இதன் பொருள். பள்ளியில் தம் சாதிப் பிள்ளைகளுக்கென்று வைத்திருந்த தனிப் பானையைச் சிறுவயதில் அவர் உடைத்ததாகச் சொல்லப்படும் சம்பவத்தை மேடைகளில் விரும்பிச் சொல்கிறார்கள். கூலிக்காரர்களை அப்படிக் கைநாட்டு வைப்பதிலிருந்து காத்த சட்டத்தைச் சொல்வதில்லை. காங்கிரசை விட்டு வந்து அவர் தொடங்கிய கட்சிக்குச் சாதிப் பெயரை வைக்காமல் மனித உரிமையின் பெயரை வைத்ததையும், 'தலித் தலைவர்' என்று மட்டும் தலைப்பிட்டவர்கள் கவனிக்க வேண்டும்.

அவருடைய அடுத்த பிறந்த நாளான ஜூன் 26-க்குள் அந்த அறிக்கையின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் தொடராக வெளியிட வேண்டுகிறேன். சட்டச் சொற்களைத் தமிழில் எழுதிப் பழகிய பழைய குமாஸ்தாக்கள் நாங்கள் சிலர் இங்கே இருக்கிறோம்; மெய்ப்புப் பார்த்துத் தருவோம்.

தங்கள் நெடுநாள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.