பழைய டிவியை மாற்றச் சொல்லாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஞாயிறு இணைப்பின் கேள்வி-பதில் பகுதியில் ஒரு வாசகர், தன்னிடம் பழைய 32 அங்குல எல்சிடி டிவி இருக்கிறது, அதற்கு ப்ளூ-ரே (டிவிடியைவிடத் தெளிவான படம் உள்ள வட்டு) பிளேயர் வாங்கினால் பயன் உண்டா என்று கேட்டிருந்தார். 'முதலில் டிவியை மாற்றுங்கள்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். தென்காசியில் டிவி ரிப்பேர் கடை வைத்திருப்பவன் நான். அந்தப் பதில் எனக்கு ஒப்பவில்லை.

2008, 2009 வாக்கில் நம் பக்கம் விற்ற 32 அங்குல டிவிகளில் பெரும்பாலானவை 'ஹெச்டி ரெடி' ரகம். திரையில் அகலவாக்கில் 1366 புள்ளி, உயரவாக்கில் 768. ப்ளூ-ரே வட்டில் இருப்பதோ 1920-க்கு 1080. சுருக்கித்தான் காட்ட முடியும், உண்மை. ஆனால் டிவிடியில் இருப்பது 720-க்கு 576 தானே? அதை இதே திரையில் இழுத்து நிரப்பினால் முகமெல்லாம் மெழுகு பூசியது போல் ஆகிவிடுகிறது. ப்ளூ-ரேயில் அந்தத் தட்டுப்பாடு இல்லை. திரை கேட்பதைவிடக் கூடுதலாகவே படம் வருகிறது. பட்டுப் புடவையின் சரிகைக் கோடுகூடத் தனியாகத் தெரியும். இன்னொன்று, 32 அங்குலத் திரையை ஆறடிக்கு அப்பால் உட்கார்ந்து பார்த்தால் 768-க்கும் 1080-க்கும் உள்ள வித்தியாசம் நல்ல கண்ணுக்கே பிடிபடாது. நம் வீடுகளில் டிவி ஒரு சுவரில், நாற்காலி எதிர்ச் சுவரில். எட்டடியாவது இருக்கும்.

சிக்கல் வருவது பிளேயரின் செட்டிங்கில். அந்தக் காலத்து டிவிகள் பலவும் '720பி' (720 வரியுள்ள முழுப் படம்), '1080ஐ' (1080 வரியை இரண்டு பாதியாக அனுப்புவது) இரண்டையும் வாங்கிக்கொள்ளும். 1080 வரியையும் ஒரே படமாக அனுப்பும் '1080பி' கொடுத்தால் சிலது முழிக்கும். 'ஆட்டோ'வில் விட்டால் பெரும்பாலும் பிளேயரே டிவியைக் கேட்டுச் சரிசெய்துகொள்ளும். யாராவது கைவைத்து 1080பி என்று மாற்றிவிட்டால் திரை கருப்பாகிவிடும். பிளேயர் போய்விட்டது என்று அதைத் தூக்கிக்கொண்டு கடைக்கு வருவார்கள்.

720பியா, 1080ஐயா என்பதை டிவியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். 720பி கொடுத்தால் பிளேயர் ஒருமுறை சுருக்கும், டிவி அதைக் கொஞ்சம் இழுக்கும். 1080ஐயில் ஒற்றைப்படை வரிகள் ஒரு தடவை, இரட்டைப்படை வரிகள் ஒரு தடவை என்று படம் இரண்டு பாதியாக வரும். நல்ல டிவி இரண்டையும் ஒழுங்காகச் சேர்த்து 768-க்குச் சுருக்கும். மட்டமான டிவி சேர்க்காமல், 540 வரியுள்ள ஒவ்வொரு பாதியையும் அப்படியே இழுத்துக் காட்டும். கண்டுபிடிக்க நான் செய்வது இதுதான்: பிளேயரை 1080ஐயில் வைத்து, ஓட்டு வீடோ, கம்பி போட்ட ஜன்னலோ வரும் காட்சியில், கேமரா மெதுவாக நகரும் இடத்தைப் போடுவேன். ஓட்டு வரிசை நெளிந்து மினுமினுத்தால் 720பிக்கு மாற்றிவிடுவேன். நெளியாமல் வந்தால் 1080ஐயிலேயே விட்டுவிடுவேன். சினிமாவைப் போல நொடிக்கு 24 படம் அனுப்பும் '24பி' என்று தனியாக ஒரு செட்டிங் இருந்தால் பழைய டிவிக்கு அதை அணைத்தே வைக்கலாம்.

உங்கள் பதில் பொருந்தும் வீடுகளும் உண்டு. அரசு கொடுத்த இலவச கலர் டிவி மாதிரி, படத்துக்கு மஞ்சள் பின் மட்டும் உள்ள பிக்சர் டியூப் டிவி என்றால் ப்ளூ-ரே வீண்தான். அதற்கு டிவிடியே தாராளம். ஹெச்டிஎம்ஐ-யை (ஹெச்டி படமும் ஒலியும் ஒரே கேபிளில் வரும் இணைப்பு) மஞ்சள் பின்னாக மாற்றும் குட்டிப் பெட்டியை வாங்கி மாட்டினாலும் படம் டிவிடி தரத்துக்குத்தான் இறங்கும்.

ஹெச்டிஎம்ஐ இல்லாமல் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று பின் மட்டும் இருக்கும் டிவிக்காரர்கள் பாடுதான் மோசம். அந்த மூன்று பின்னும் 1080ஐ வாங்கிக்கொள்ளும். ஆனால் படத்தை நகலெடுத்துவிடுவார்கள் என்ற பயத்தில், 2011 முதல் வந்த புது ப்ளூ-ரே பிளேயர் மாடல்களில் அந்த வழியாகப் பழைய டிவிடி தரத்துக்கு மேல் விடக் கூடாது என்று கட்டுப்பாடு போட்டார்கள். 2013 முடிந்ததும் புதுப் பிளேயர்களில் அந்தப் பின்களையே எடுத்துவிட்டார்கள். டிவியில் ஒரு குறையும் இல்லை. வாங்கியவர் தலையில் மிளகாய் அரைத்ததுதான் மிச்சம். இதைப் பற்றி எந்த ஷோரூமிலும் ஒரு வார்த்தை சொல்லிக் கேட்டதில்லை. போன மாதம்கூட ஒருவர், மூன்று பின் டிவியை வீட்டில் வைத்துக்கொண்டு, ஹெச்டிஎம்ஐ மட்டும் உள்ள பிளேயரை வாங்கி வந்து நின்றார். டிவியின் பின்பக்கம் என்ன இருக்கிறது என்று விற்றவர் கேட்கவே இல்லையாம்.

அந்தக் கேள்வியை இனி உங்கள் பகுதியிலாவது கேளுங்கள். ஹெச்டிஎம்ஐ இருந்தால் அந்த வாசகர் தாராளமாகப் பிளேயர் வாங்கட்டும்.

டிவி மெக்கானிக்,
தென்காசி.