பல் மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்: முதலில் செலவைச் சொல்லுங்கள், அப்புறம் வாயைத் திறக்கச் சொல்லுங்கள்

மதிப்புக்குரிய பல் மருத்துவர்களுக்கு,

வணக்கம். வலி தாங்க முடியாமல் உங்களிடம் வருகிறவர்களிடம் நீங்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இவ்வளவு நாள் ஏன் விட்டீர்கள்?" அதற்கு யாரும் உண்மையான பதிலைச் சொல்வதில்லை. நேரம் கிடைக்கவில்லை டாக்டர் என்று எதையாவது சொல்லிச் சமாளித்துவிடுகிறோம். உண்மைப் பதிலை இங்கே எழுதுகிறேன். எங்களுக்கு ஊசி என்றாலும் பயம், பில் என்றாலும் பயம். இரண்டும் சேர்ந்துதான் எங்களை வீட்டிலேயே உட்கார வைக்கின்றன.

தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியும். சொத்தை பல்லின் வெளி அடுக்கான எனாமலோடு நிற்கும்வரை வலிக்காது, அங்கே நரம்பே கிடையாது. குழி விழுவதற்கு முன்பே வந்தால் பல நேரம் ஃபுளோரைடு பூச்சோடு முடிந்துவிடும். கொஞ்சம் ஆழமாகப் போயிருந்தால் பல்லை அடைக்க வேண்டும். ராத்திரித் தூக்கம் போன பிறகு வந்தால் ரூட் கேனால் (பல்லுக்குள் இருக்கும் நரம்பை எடுத்துவிட்டு அடைப்பது), அதற்கு மேல் பல்லை மூடும் ஒரு கேப், அதுவும் முடியாவிட்டால் பிடுங்க வேண்டும். செலவு படிப்படியாக ஏறாமல் ஒரே தாவாகத் தாவுகிறது. போதாததற்கு, சீழும் வீக்கமும் உள்ள இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால் மரத்துப்போகும் மருந்து சரியாக வேலை செய்வதில்லை. ஆக, அதிகமாகப் பயந்து தாமதித்தவருக்குத்தான் ஊசி போட்ட பிறகும் வலிக்கிறது. பெரிய பில்லும் அவருக்குத்தான். நான் பயந்தது சரிதான் என்ற முடிவோடு அவர் வெளியே போகிறார். அடுத்த பல்லுக்கு இன்னும் தாமதமாக வருவார்.

இதைச் சிலருடைய கோழைத்தனம் என்று ஒதுக்கிவிட முடியாது. உலகில் சுமார் 350 கோடிப் பேருக்கு வாய் நோய்கள் இருப்பதாக உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. அதில் பெரும்பாலானவை தடுக்கக்கூடியவை. இருந்தும் பல நாடுகளில் பல் சிகிச்சை பொதுக் காப்பீட்டுக்கு வெளியேதான் நிற்கிறது. பல் உடம்பின் ஒரு பாகமே இல்லை என்பதுபோல! இது அரசுகள் திருத்த வேண்டியது. ஆனால் உங்கள் அறைக்குள்ளேயே திருத்தக்கூடியவையும் உண்டு, இந்த மடல் அவற்றுக்காகத்தான்.

தயவுசெய்து, நாங்கள் வாயைத் திறந்தபடி மல்லாந்து படுத்திருக்கும்போது பணத்தைப் பற்றிப் பேசாதீர்கள். வாய்க்குள் கருவி, கண்ணுக்கு நேரே விளக்கு, பாதி முகம் மரத்துக் கிடக்கிறது, அந்த நேரத்தில் "இதுக்கு ரூட் கேனால்தான் பண்ணணும், ஆரம்பிச்சிடலாமா?" என்று கேட்டால் தலையாட்டுவதைத் தவிர வேறு வழியில்லை. அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது நியாயமா? பரிசோதித்து எக்ஸ்ரே பார்த்ததும் எங்களை எழுந்து உட்கார விடுங்கள். என்ன பிரச்சினை, என்னென்ன வழிகள், ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு ஆகும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எதை உடனே செய்தாக வேண்டும், எது ஆறு மாதம் பொறுக்கும் என்பதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். பணம் புரட்ட வேண்டியவருக்கு விலையைவிட இந்தக் கடைசி விவரம்தான் முக்கியம். நடுவில் சிகிச்சை மாறலாம் என்றால் அதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னால் புரிந்துகொள்வோம்.

மலிவான வழிகளையும் மறைக்காமல் சொல்லுங்கள். சில்வர் டையமின் ஃபுளோரைடு என்ற திரவத்தைச் சொத்தையில் தடவினால் பல நேரம் சொத்தை மேலும் பரவாமல் நின்றுவிடும். ஊசியும் வேண்டாம், குடைவதும் வேண்டாம். 2021-இல் உலக சுகாதார நிறுவனம் அதை அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. தடவிய இடம் கறுத்துப்போகும் என்பது உண்மைதான். அதைச் சொல்லிவிட்டு, கடைவாய்ப்பல்லில் கறுப்பு இருந்தால் பரவாயில்லையா என்று எங்களையே கேளுங்கள்.

பயத்தைப் பற்றியும் கேளுங்கள். பல் சிகிச்சைப் பயத்தை அளக்க ஐந்தே கேள்விகள் கொண்ட அளவுகோல் உங்கள் துறையிலேயே 1990-களிலிருந்து இருக்கிறது. காத்திருக்கும்போது அந்தத் தாளைக் கையில் கொடுத்தால் போதும், வெட்கப்படாமல் நிரப்பிவிடுவோம். அப்புறம், கையைத் தூக்கினால் நிறுத்துவேன் என்று சொல்லுங்கள். சொன்னபடியே நிறுத்துங்கள். ஒருமுறை நிறுத்தாவிட்டாலும் அந்த நம்பிக்கை திரும்பி வராது. ஈறில் மரக்கும் ஜெல் தடவிய பிறகு ஓரிரு நிமிடம் பொறுத்து, மருந்தை மெதுவாக ஏற்றினால் வலி வெகுவாகக் குறையும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. அடுத்த நோயாளி காத்திருக்கிறார் என்ற அவசரத்தில் முதலில் பறிபோவது அந்த ஓரிரு நிமிடம்தான்.

திட்டவும் வேண்டாம். பல்லின் நிலையைப் பார்த்து நீங்கள் முகம் சுளிப்பது மாஸ்க்கையும் மீறித் தெரிகிறது. வெட்கப்பட்டுப் போனவர் திரும்ப வருவதே இல்லை.

நாற்காலி, எக்ஸ்ரே கருவி, கிருமி நீக்கம், கேப் செய்துதரும் லேப் என்று உங்களுக்கும் பெரிய செலவுகள் இருக்கின்றன. படிப்புக் கடனோடு தொழில் தொடங்கியவர்களும் உங்களில் உண்டு. அதனால் இலவசமாகச் செய்யுங்கள் என்று கேட்கவில்லை. முடிந்தால் தவணையாகக் கட்ட வழி செய்யுங்கள். போனில் விலை கேட்டால் "நேரில் வாங்க, பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்" என்ற பதில்தான் வருகிறது. பார்க்காமல் துல்லியமாகச் சொல்ல முடியாது என்பது சரி. ஆனால் பார்ப்பதற்கு எவ்வளவு, எக்ஸ்ரேக்கு எவ்வளவு, ஒரு பல்லை அடைக்க எவ்வளவிலிருந்து எவ்வளவு வரை ஆகும் என்பதையாவது போன் எடுப்பவர் சொல்லலாம். அந்த விலைகளை வாசலிலேயே எழுதியும் வைக்கலாம்.

இப்படிக்கு,
அடுத்த பரிசோதனைக்கு வலி வரும் முன்பே வர நினைக்கும் ஒரு நோயாளி