செயலாளரின் ஆண்டறிக்கை – 2024

தலைவர் அவர்களுக்கும், இந்த மழையிலும் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம்.

நிர்வாகக் குழு ஐந்து தடவை கூடியது. இரண்டு இணையத்தளங்கள் புதிதாகச் சேர்ந்தன, ஒன்று விலகியது. நம் எல்லோருடைய தளங்களையும் வைத்திருக்க நாம் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருக்கும் கணினிதான் நம் சேர்வர். அதில் இப்போது 34 தளங்கள். தலவாக்கலையில் நடந்த பயிற்சி வகுப்பு நல்லபடியாக முடிந்தது.

இனிச் சொல்லப்போவது தளங்களைப் பழைய சேர்வரிலிருந்து புதியதற்கு மாற்றுவது பற்றி. "இன்னும் ஏன் மாற்றவில்லை?" என்று வருடம் முழுக்கக் கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். நம் பழைய சேர்வரை இயக்கும் அடிப்படை மென்பொருளான சென்ட்ஓஎஸ் 7 க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது 2024 ஜூன் 30 உடன் நின்றுவிட்டது. அதற்கு முன்பே மாறியிருக்க வேண்டும். ஜூலையில்தான் அதே வகை மென்பொருளான டெபியன் 12 போட்ட புதிய சேர்வரை வாடகைக்கு எடுத்தோம். அதில் எல்லாத் தளங்களையும் பிரதி எடுத்துப் பரீட்சித்துப் பார்த்தபோதுதான் வேலையின் அளவு தெரிந்தது.

தளங்கள் எழுதப்பட்டிருக்கும் கணினி மொழியான பிஎச்பி, பழையதில் 5.4 ஆம் பதிப்பு, புதியதில் 8.2. தகவல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸைத் திறக்க எட்டுத் தளங்கள் பாவித்த பழைய கட்டளைகள் 2015 இல் வந்த பிஎச்பி 7 இலேயே நீக்கப்பட்டவை. அந்த எட்டும் வெற்றுப் பக்கமாகத் திறந்தன. ஆறைத் திருத்திவிட்டேன்.

அதைவிடப் பெரிய பிரச்சினை தமிழ் எழுத்து. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு, மலையகத் தமிழர் இலங்கைக்கு வந்து 200 ஆண்டு ஆனதைக் குறித்து நடந்த மலையகம் 200 நடைபயணத்தின்போது இளைஞர்கள் எழுதிய குறிப்புகளும், வயதானவர்கள் சொல்லக் கேட்டுப் பதிந்த பாட்டுகளும் நம் தளம் ஒன்றில் இருக்கின்றன. புதிய சேர்வரில் அதைத் திறந்தால் ஒரு வரிகூடத் தமிழில் இல்லை, முழுக்க ஐரோப்பிய எழுத்துகள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் இதுதான்: பழைய டேட்டாபேஸ் தன் அட்டவணைகளில் இருப்பது லத்தீன்-1, அதாவது மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பழைய எழுத்து முறை, என்று நினைத்துக்கொண்டிருக்கிறது. நாம் எழுதுவதோ யூனிகோட். அதில் தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் (எழுத்து, கொம்பு, புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி) மூன்று பைட், அதாவது மூன்று சேமிப்பு அலகு, வேண்டும். லத்தீன்-1 அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்துகளாக எண்ணும். அப்படியே ஏற்றுமதி செய்தால் எல்லாம் இன்னொரு தடவை மாற்றப்பட்டுக் குழம்பிவிடும். லத்தீன்-1 என்று சொல்லியே வெளியே எடுத்து, கோப்பில் உள்ள எழுத்து முறையின் பெயரை மட்டும் யூனிகோட் என்று மாற்றி ஏற்றியபோது தமிழ் திரும்பி வந்தது. ஆனால் 255 பைட் கொள்ளும் தலைப்புப் பெட்டியில் தமிழுக்கு 85 குறிகள்தான் இடம். அதைவிட நீண்ட தலைப்புகள் எழுதிய அன்றே அறுந்துவிட்டன. அவற்றை எழுதியவர்கள்தான் மீண்டும் தர வேண்டும்.

இதையெல்லாம் ஒவ்வொரு தளமாகப் பார்க்க மூன்று மாதம் போனது. நவம்பர் 25 இல் உயர்தரப் பரீட்சை தொடங்கியது. பிள்ளைகள் கடந்தகால வினாத்தாள் எடுக்கும் தளங்கள் நம்மிடம் இருப்பதால் அந்த நேரத்தில் கைவைக்க வேண்டாம் என்று முடிவெடுத்தேன். அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

ஒரு மனக்குறையையும் சொல்ல வேண்டும். பரீட்சார்த்த மாற்றத்துக்கு ஏழு பேர் பெயர் கொடுத்தார்கள், வந்தவர் ஒருவர். ஐந்து தளங்களின் டொமைன் (தள முகவரி) கடவுச்சொல் வெளிநாடு போனவர்களிடமோ இடமாற்றம் பெற்ற ஆசிரியர்களிடமோ இருக்கிறது. மாற்றத்துக்கு இரண்டு நாள் முன்பே டிஎன்எஸ் காத்திருப்பு நேரத்தை, அதாவது தளம் எந்தச் சேர்வரில் இருக்கிறது என்பதை மற்றக் கணினிகள் நினைவில் வைத்திருக்கும் நேரத்தை, 86,400 வினாடியிலிருந்து 300 க்குக் குறைக்க வேண்டும். அதற்கு அந்தக் கடவுச்சொல் தேவை. கடவுச்சொல் இல்லாமல் அந்தத் தளங்களுக்கு நான் என்ன செய்ய முடியும்? நான்கு தடவை செய்தி அனுப்பினேன். இருவர்தான் பதில் தந்தார்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறத்தாழச் சமம், ஆனால் ஜூலையிலிருந்து இரண்டு சேர்வருக்கும் வாடகை கட்டுவதால் கையிருப்பு இறங்கியிருக்கிறது. வாடகை டொலரில். 2022 தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் இருந்த டொலர் இன்று 290 ஐத் தாண்டி நிற்கிறது. நம் சந்தா அதே 500 ரூபாய்தான். அதுவும் பதினோரு பேரிடமிருந்து ஆறு மாதத்துக்கு மேல் வரவில்லை. பெயர் வாசிக்கப் போவதில்லை. கஷ்டம் என்றால் என்னிடம் தனியாகச் சொல்லுங்கள், தவணையாக வாங்கிக்கொள்ளலாம்.

கூட்டத்துக்கு இடம் தந்த டியூஷன் வகுப்பு நிர்வாகிக்கும், தேநீர் தந்த அக்காமாருக்கும், கணக்காய்வாளருக்கும் நன்றி.

மாற்றத்துக்கு 2025 பெப்ரவரி 12, நவம் போயா (பௌர்ணமி) இரவை ஒதுக்கியிருக்கிறோம். மறுநாள் காலைக்குள் முடிந்தால் பழைய சேர்வரை மாத இறுதியில் விட்டுவிடலாம். முடியாவிட்டால் இன்னொரு மாதம் இரட்டை வாடகை. ஹட்டனில் கரண்ட் போனால் கொஞ்ச நேரத்தில் போன் டவரும் போய்விடும், அப்போது வேறு ஊரில் ஒருவர் பார்க்க வேண்டும். அதனால் ஹட்டனில் இருவர், பண்டாரவளையில் ஒருவர் கட்டாயம் விழித்திருக்க வேண்டும். பெரிய கணினி அறிவு தேவையில்லை, பட்டியலைப் பார்த்து ஒவ்வொரு தளமாகத் திறந்து தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று சொன்னால் போதும். தங்க இடமும் இரவுச் சாப்பாடும் என் பொறுப்பு. பெயர் எழுதும் தாள் வாசல் மேசையில் இருக்கிறது. இப்போதைக்கு அதில் என் பெயர் மட்டும் இருக்கிறது.