தலைக்கட்டு நோட்டும் மக்கள்தொகைக் கணக்கும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு பற்றி வரும் செய்திகளிலெல்லாம் சாதிக் கேள்விதான் முன்னால் நிற்கிறது. பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரத்தில், கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி ஊராட்சிகளில் வாழும் தமிழருக்குத் தாய்மொழிக் கேள்வியும் அதே அளவு முக்கியம். 2011க்குப் பிறகு நடக்கும் முதல் கணக்கு இது. இதில் தவறிப்போகும் எண்ணை அடுத்த கணக்கு வரும்வரை திருத்த வழியில்லை.

அந்த எண்ணை நம்பித்தான் பல உரிமைகள் இருக்கின்றன. ஓரிடத்தில் மொழிச் சிறுபான்மையினர் நூற்றுக்கு 15 பேராவது இருந்தால் அரசின் முக்கிய அறிவிப்புகளை அவர்கள் மொழியிலும் வெளியிட வேண்டும் என்பது மொழிச் சிறுபான்மையினருக்கான அகில இந்தியப் பாதுகாப்பு நெறிகளில் ஒன்று. கேரளத்தின் 1969ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழரும் கன்னடரும் அரசுக்குத் தங்கள் மொழியில் எழுத இடம் தந்தது. தாலுகா அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒருவரை வையுங்கள் என்று கேட்கப் போனாலும் முதலில் வரும் கேள்வி, எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்பதுதான்.

எங்கள் பக்கத்துச் சிற்றூர்களுக்குச் சொந்தமாக ஒரு கணக்கு உண்டு. மாரியம்மன் நோன்புத் திருவிழாவுக்கு வரி வசூலிக்க வைத்திருக்கும் தலைக்கட்டு நோட்டு அது. ஆனால் அந்த எண்ணிக்கையை அப்படியே குடும்ப எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊருக்கு ஊர் வழக்கம் மாறினாலும், பொதுவாகக் கல்யாணமான ஒவ்வொரு ஆணும் ஒரு தலைக்கட்டு. மக்கள்தொகைக் கணக்கிலோ ஒரே அடுப்பில் சமைத்து உண்பவர்கள் ஒரு குடும்பம். அப்பாவும் கல்யாணமான இரண்டு மகன்களும் ஒரே சமையலில் இருந்தால் நோட்டில் மூன்று, அரசுக் கணக்கில் ஒன்று. தனித்து வாழும் கைம்பெண், வாடகைக்கு இருப்பவர், வரி கொடுக்காத வேற்றுச் சாதிக் குடும்பம், தோப்பு வேலைக்கு வந்து தங்கியிருக்கும் வடமாநிலத்தார் ஆகியோர் பெரும்பாலும் நோட்டில் இருப்பதே இல்லை. அவர்களும் இந்த ஊரின் மக்கள்தான். ஆகவே நோட்டை அங்கன்வாடிப் பதிவேட்டோடும் குடும்பஸ்ரீ என்னும் மகளிர் திட்டத்தின் அயல்கூட்டப் (அக்கம்பக்கக் குழு) பட்டியலோடும் ஒத்துப் பார்க்க வேண்டும். மூன்றையும் சேர்த்துப் பார்த்தால் விடுபட்ட வீடு எதுவென்று தெரிந்துவிடும்.

அதிகம் விடுபடுவது தோட்டத்துச் சாளைகள், அதாவது தோப்புக்குள் இருக்கும் வீடுகள்தான். ஊருக்குள் வரிசையாக இருக்கும் வீடுகளை யாரும் தவற விடுவதில்லை. தென்னந்தோப்பின் நடுவில், தடத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒற்றை வீடு கணக்கெடுப்பாளரின் வரைபடத்தில் ஏறாமலே போகிறது. கணக்கு இரண்டு கட்டமாக நடக்கிறது. முதலில் 2026 ஏப்ரல் முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் வீட்டுப் பட்டியல். பிறகு 2027 பிப்ரவரியில் ஆள் எண்ணிக்கை. பட்டியலில் ஏறாத வீட்டுக்கு இரண்டாம் கட்டத்தில் ஆள் வராமல் போகும் ஆபத்து அதிகம். பட்டியல் எடுத்துப் போன கையோடு வார்டு உறுப்பினர்கள் சாளை சாளையாகப் பார்த்து, விடுபட்டதை மேற்பார்வையாளரிடம் உடனே சொல்ல வேண்டும்.

இங்கே பலருக்கு இன்னொரு தயக்கமும் உண்டு. ரேஷன் அட்டை ஒரு பக்கம், வேலையும் வாசமும் கேரள-தமிழ்நாடு எல்லைக்கு அந்தப் பக்கம் என்று இருப்பவர்கள், விவரம் சொன்னால் அட்டை போய்விடுமோ என்று பயந்து ஆளைக் குறைத்துச் சொல்கிறார்கள். 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி தனிமனிதர் தந்த விவரத்தை யாரும் பார்வையிட முடியாது. நீதிமன்றத்தில் சாட்சியமாகவும் அது செல்லாது. கோவையில் வேலை செய்து வாரக் கடைசியில் வந்துபோகும் மகனை இரண்டு இடத்திலும் எழுதுவதும் தவறு, இரண்டிலும் விடுவதும் தவறு. வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அங்கே ஒருமுறை எழுத வேண்டும்.

இனித் தாய்மொழி. இந்தக் கேள்வி இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது. ஒருவரின் குழந்தைப் பருவத்தில் அவருடைய தாய் அவரிடம் பேசிய மொழியே தாய்மொழி. அவர் கைக்குழந்தையாக இருந்தபோதே தாய் இறந்திருந்தால், குழந்தைப் பருவத்தில் அவர் வீட்டில் பெரும்பாலும் பேசிய மொழி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியே கேட்டு, சொன்னபடியே எழுத வேண்டும். நடப்பது என்ன? கேட்பவர் மலையாளத்தில் கேட்கிறார், நம்மவர் மரியாதைக்கு மலையாளத்திலேயே பதில் சொல்கிறார், குடும்பத்தலைவருக்கு எழுதியதே மற்ற எல்லாருக்கும் இறங்கிவிடுகிறது. பள்ளியில் மலையாளம் படிக்கிற பிள்ளைக்குத் தாய்மொழியும் மலையாளம் என்று பெற்றோரே சொல்லிவிடுகிறார்கள். படிக்கும் மொழி வேறு, தாய்மொழி வேறு. தெரிந்த வேறு மொழிகள் இரண்டைச் சொல்லத் தனிக் கேள்வி இருக்கிறது. மலையாளம் அங்கே வரட்டும்.

இதில் நேர்மையும் வேண்டும். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசி வெளியில் தமிழ் பேசும் குடும்பங்கள் நம் ஊர்களில் உண்டு. மலையாள வீட்டிலிருந்து மருமகளாக வந்தவர்களும் உண்டு. எண்ணிக்கை கூட வேண்டும் என்பதற்காக அவர்களைத் தமிழ் என்று எழுதச் சொல்வது நியாயமில்லை. அவரவர் தாய்மொழி அவரவருக்கு.

அரசிடம் இரண்டு கோரிக்கைகள். இந்த மூன்று ஊராட்சிகளுக்கும், லயங்களில் (தேயிலைத் தோட்ட வரிசை வீடுகளில்) தமிழ்த் தொழிலாளர் வாழும் இடுக்கி மாவட்டத் தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களுக்கும் தமிழ் அறிந்த ஆசிரியர்களையே கணக்கெடுப்பாளர்களாக அனுப்ப வேண்டும். அடுத்தது அதைவிட முக்கியம். தாய்மொழி அட்டவணை கிராம அளவில் வெளிவருவதில்லை. தாலுகா முழுமைக்கும் சேர்த்துப் பார்க்கும்போது, தமிழர் பெரும்பான்மையாக உள்ள ஊரும் சிறு சதவீதமாகக் கரைந்துவிடுகிறது. மொழிச் சிறுபான்மையினர் செறிந்த தாலுகாக்களுக்காவது கிராம வாரியான தாய்மொழிக் கணக்கை வெளியிடும்படி கேரள அரசு இந்தியத் தலைமைப் பதிவாளரை இப்போதே கேட்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்