ஒரு சிறுவர் நூலை நீக்கும் முன்

ஆங்கில விக்கிப்பீடியாவின் நீக்கல் உரையாடல்களில் பங்கேற்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். 1960களில் வந்து மறுபதிப்பே காணாத ஒரு சிறுவர் நூலின் கட்டுரையை நீக்கலாமா என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள். 'நீக்குக' என்று எழுதிய நால்வரும் ஒரே காரணத்தைத்தான் சொல்லியிருக்கிறீர்கள்: தேடினோம், ஒன்றும் கிடைக்கவில்லை. அந்தத் தேடலைப் பற்றித்தான் இந்த மடல்.

சிறு வயதில் அட்டை கிழியும்வரை நான் படித்த நூல் அது. ஆனால் என் பாசம் சான்றாகாது என்பது எனக்குத் தெரியும். ஒரு நூலுக்குத் தனிக் கட்டுரை இருக்க வேண்டுமானால், நூலோடு தொடர்பில்லாத இரண்டு பேராவது அதைப் பற்றி ஓரளவு விரிவாக எழுதி, அது நம்பகமான இடத்தில் வெளியாகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெரிய விருது போன்ற வேறு தகுதி வேண்டும். விற்பனைத் தளத்திலோ நூலகப் பட்டியலிலோ பெயர் இருப்பது மட்டும் போதாது. இந்த விதி நியாயமானது. இது இல்லையென்றால் கலைக்களஞ்சியம் விளம்பரப் பலகையாகிவிடும்.

சரி, அதே விதிகள் இன்னொன்றும் சொல்கின்றன. சான்று எங்காவது இருந்தால் போதும். கட்டுரையில் ஏற்கெனவே சேர்த்திருக்க வேண்டும் என்றில்லை, இணையத்தில் கிடைக்க வேண்டும் என்றும் இல்லை. உங்களில் ஒருவர் ஐஎஸ்பிஎன் என்ற நூல் அடையாள எண்ணைப் போட்டுத் தேடியும் வரவில்லை என்கிறார். அந்த எண்முறை உலகத் தரமானதே 1970இல்தான். அதற்கு முன் வந்த நூலை அதை வைத்து எப்படித் தேடுவது? அப்புறம், ஒரே சிறுவர் நூல் பிரிட்டனில் ஒரு தலைப்பிலும் அமெரிக்காவில் வேறொரு தலைப்பிலும் வருவது உண்டு. ஓவியரின் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் சில நேரம் பிடிபடும். நூல் மதிப்புரைகள் வெளியிடும் அமெரிக்க இதழ்களான ஹார்ன் புக் 1924இலிருந்தும், கிர்கஸ் 1933இலிருந்தும், ஸ்கூல் லைப்ரரி ஜர்னல் 1954இலிருந்தும் வருகின்றன. பழைய மதிப்புரைகளைத் தேட வேண்டிய இடம் இத்தகைய இதழ்களின் பழைய தொகுதிகள்தான். விக்கிப்பீடியாவில் ஐந்நூறு திருத்தங்களும் ஆறு மாதப் பழக்கமும் உள்ளவர்களுக்கு விக்கிப்பீடியா நூலகத்தின் வழியே பல இதழ்க் களஞ்சியங்கள் இலவசமாகத் திறக்கின்றன. உங்களில் பலருக்கு அந்த வசதி இருக்கும்.

இன்னொரு வாதத்தை நான் ஏற்கவே மாட்டேன். 'இரண்டு பத்தி மதிப்புரையெல்லாம் கணக்கில்லை' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சிறுவர் நூல்களுக்குப் பத்திரிகைகள் ஒதுக்கும் இடமே பெரும்பாலும் அவ்வளவுதான். முப்பத்திரண்டு பக்கப் படக்கதைக்கு நான்கு பக்க விமர்சனத்தை யார் எழுதுவார்கள்? நீளத்தை அளக்காமல், உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். கதையை மட்டும் சுருக்கிச் சொல்லியிருந்தால் தள்ளிவிடுங்கள். படங்கள் கதைக்குத் துணை நிற்கின்றனவா, மொழி அந்த வயதுப் பிள்ளைக்கு எட்டுமா, முடிவு சரியாக அமைந்ததா என்று எழுதியவர் எடைபோட்டிருந்தால், அது எட்டே வரியானாலும் விமர்சனம்தான். பெரியவர்களுக்கான நாவலுக்கு வைக்கிற அளவுகோலை இங்கே கொண்டுவந்தால், சிறுவர் இலக்கியத்தில் விருது வாங்கியவை மட்டும்தான் மிஞ்சும்.

பழைய இதழ்களின் கட்டுத் தொகுதிகளை இரண்டு நாள் புரட்டியதில் ஒரு மதிப்புரை கிடைத்தது. அரைப் பக்கம். ஓவியங்களைப் பாராட்டி, கதையின் நடுப்பகுதி இழுவை என்று குறையும் சொல்கிறது. இதழின் பெயர், தொகுதி, பக்க எண் எல்லாவற்றையும் பேச்சுப் பக்கத்தில் இட்டிருக்கிறேன். இன்னும் ஒன்று வேண்டும். ஏழு நாள் கெடு நாளையோடு முடிகிறது. உரையாடலை இன்னொரு ஏழு நாள் நீட்டித்துத் தாருங்கள். அதற்குள்ளும் கிடைக்காவிட்டால், நீக்காமல் நூலாசிரியரின் கட்டுரைக்கு வழிமாற்றாக, அதாவது தேடி வருபவரை அங்கே அனுப்பும் பக்கமாக, ஆக்கிவிடுங்கள். கட்டுரையின் பழைய வடிவங்கள் அந்தப் பக்கத்தின் வரலாற்றிலேயே இருக்கும். பின்னால் சான்றோடு வருகிறவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது. அந்த முடிவை நான் மறுக்க மாட்டேன்.

அன்புடன்,
உங்களில் ஒரு பயனர்